ஈசானி மூலைக் குழாய்

1

எங்கள் வீட்டுக் கக்கூஸ் அடைத்துக்கொண்டது. இப்படி ஆரம்பித்தால் ஊரில் இருக்கிற நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள் என்று தெரியும். பர்மிங்ஹாமில் இருப்பவன் பனியைப் பற்றி எழுதுவான், பூங்காவைப் பற்றி எழுதுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நாலு வருஷமாக இங்கே இருக்கிறேன். பனியைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கக்கூஸைப் பற்றித்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு நூறு வயதுக்கு மேல். செங்கல் வீடு, இரண்டு பக்கமும் அடுத்த வீடுகளோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். மாடியில் ஒரே ஒரு கழிப்பறை. போன மாதம் ஒரு திங்கள்கிழமை அதில் தண்ணீரைத் திறந்துவிட்டால் விளிம்புவரை ஏறி நின்றது. அப்புறம் அரசாங்க ஆபீஸில் ஃபைல் நகர்கிற மாதிரி மெதுவாக இறங்கியது. இறங்கி முடிக்கும்போது கபுக் கபுக்கென்று ஒரு சத்தம். அந்த வாரம்தான் அம்மாவுக்கு முதல் வருஷத் திதி. எனக்கு ஒரு நாளுக்கு மேல் லீவு கிடைக்கவில்லை. திதி கொடுக்க ஊருக்குப் போக முடியாத எரிச்சலில் இருந்தவனுக்கு இது வேறு.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்சிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். "எங்க பாத்ரூம் அடைச்சிருக்கு" என்று இங்கிலீஷில் சொன்னேன். முகம் தெரியாத பெண்ணிடம் வேறு எப்படிச் சொல்வது? குளிக்கிற தொட்டியா, கை கழுவுகிற தொட்டியா என்று கேட்டாள். "இல்லை, லெட்ரின்" என்றேன். இங்கே ராணுவ முகாமில் தோண்டுகிற கக்கூஸைத்தான் அப்படிச் சொல்வார்களாம். ஏதோ ராணுவ முகாமிலிருந்து பேசுகிறான் என்று நினைத்திருப்பாள். பக்கத்தில் நின்ற என் மகள் யாழினி தலையில் கையை வைத்துக்கொண்டு போனைப் பிடுங்கினாள். அவளுக்குப் பதினாலு வயது. இரண்டே வாக்கியத்தில் விஷயத்தை முடித்துவிட்டு, "டாய்லெட்னு சொல்றதுல என்னப்பா வெக்கம்?" என்று இங்கிலீஷிலேயே கேட்டாள். இப்போதெல்லாம் நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில்தான் பதில் சொல்கிறாள். போனைக் கொடுத்துவிட்டு அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போனில் சொன்னால் போதாதாம், இணையத்தில் படிவம் நிரப்ப வேண்டுமாம். யாருக்காவது உயிர் ஆபத்தா, வீட்டில் கைக்குழந்தை உண்டா, கர்ப்பிணி உண்டா என்று வரிசையாகக் கேட்டது. கடைசியில், "குடியிருப்பவர் உள்ளே என்ன போட்டார்?" என்று கேட்டு கட்டங்கள் கொடுத்திருந்தது. துடைக்கிற துணி, குழந்தை டயபர், சாப்பாட்டு மிச்சம், தலைமுடி, பொம்மை, மற்றவை. ஒன்றும் போடவில்லை என்று சொல்ல ஒரு கட்டம்கூட இல்லை. எதையாவது தேர்வு செய்யாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. எனக்குக் கோபம் சுள்ளென்று ஏறியது. என்னை என்னவென்று நினைத்துக்கொண்டார்கள் என்று லேப்டாப்பைப் பார்த்துக் கத்தினேன்.

கத்திக்கொண்டிருக்கும்போதே வாய் நின்றுவிட்டது. இதே கேள்விகளை, கிட்டத்தட்ட இதே வரிசையில், நான் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.

2

வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா கட்டியது. கட்டியபோது அதில் கக்கூஸ் கிடையாது. எங்கள் தெருவில் அப்போது யார் வீட்டிலும் கிடையாது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்ட சமயத்தில் நான் நர்சிங் முடித்துத் திருச்சியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முதல் காரியமாக வீட்டோடு சேர்த்து ஒரு கக்கூஸ் கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு பக்கம் மாட்டுக்கொட்டகை, இரண்டு பக்கம் அடுத்தவர் சுவர். வடகிழக்கு மூலையில்தான் இடம் இருந்தது. ஈசானி மூலையில் போய் யாராவது கக்கூஸ் கட்டுவானா என்று சொந்தக்காரர்கள் வந்து வந்து கேட்டார்கள். ஈசானி என்பது சாமி மூலை. வீட்டு ஆண்பிள்ளையின் ஆயுசும் பிழைப்பும் அந்த மூலையில்தான் இருக்கிறது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

"கால் வராத மனுசனுக்கு எந்த மூலையா இருந்தா என்ன? நீங்க வந்து தூக்கிட்டுப் போவீங்களா காட்டுக்கு?" என்று எல்லோரையும் சத்தம் போட்டு அனுப்பினேன். சத்தம் போடுவது எனக்குப் பிறவியிலேயே வந்த குணம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொத்தனார் ராஜேந்திரன் அண்ணன் தொட்டி தோண்டி, பேசின் பதித்து, மொட்டைமாடிக்கு மேலே நிற்கும்படி ஒரு காற்றுக்குழாயும் வைத்துக்கொடுத்தார். அப்பா அதை மூன்று வருஷம் பயன்படுத்திவிட்டுப் போய்ச்சேர்ந்தார். அம்மா பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் மட்டும்தான்.

நான் இங்கே வந்து ஒரு வருஷம் கழித்து, அம்மா ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"கக்கூஸ்ல தண்ணி சீக்கிரம் எறங்க மாட்டேங்குதுப்பா."

நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். அன்றைக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு நடுவில் கிடைத்த இடைவேளையில் பேசிக்கொண்டிருந்தேன்.

"உள்ள துணி கிணி போட்டியா?"

"இல்லப்பா."

"தலைமுடி? கஞ்சித் தண்ணி ஊத்துனியா?"

"அதெல்லாம் நான் ஏம்ப்பா போடுறேன்?"

"அப்பறம் எப்படி அடைக்கும்? தண்ணி ஊத்தணும்மா. ரெண்டு சொம்பு ஊத்துனா போவுமா? வாளியோட தூக்கி ஊத்து."

"சரிப்பா. ஊத்துறேன்."

ஒவ்வொரு மாதமும் ஒரு தடவையாவது இந்தப் பேச்சு வரும். ஒரு முறை வீடியோ போட்டுக் காட்டச் சொன்னேன். அம்மா போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காட்டினாள். தண்ணீர் ஏறி நின்று, அசைந்து, கபுக் கபுக்கென்றது. லாரி வரவழைத்துத் தொட்டியை எடுக்கச் சொன்னேன். எடுத்தார்கள். இரண்டு நாள் ஓடியது, மறுபடியும் அதே கதை. அப்போது நான் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஊருக்கெல்லாம் ஆக்கிப்போட்ட. ஒரு கக்கூஸ ஒழுங்கா வெச்சுக்கத் தெரியலயே உனக்கு!"

"சரிப்பா. பாத்துக்குறேன். நீ சாப்புட்டியா?" என்றாள்.

போனை வைத்துவிட்டு நான் வேலைக்குத் திரும்புவேன். இங்கே என் வேலைகளில் முக்கியமானது, வயதானவர்கள் எவ்வளவு தண்ணீர் குடித்தார்கள் என்று பார்ப்பது. ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் உண்டு. அரை டம்ளர் டீ குடித்தால் அதை எழுத வேண்டும், வேண்டாமென்று தள்ளினால் அதையும் எழுத வேண்டும். "இன்னும் ஒரே ஒரு மடக்கு" என்று கெஞ்சிக் கெஞ்சிக் குடிக்கவைப்பேன். என்னைவிடப் பொறுமையான ஆள் இங்கே இல்லை என்று அந்த வெள்ளைக்காரப் பாட்டிகள் சொல்வார்கள்.

போன வருஷம் அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. பெரம்பலூரில் காட்டி, அங்கிருந்து திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். மூத்திரத்தில் கிருமி, கிட்னிவரை ஏறி ரத்தத்தில் கலந்துவிட்டது. டாக்டர் என்னிடம் போனில் பேசினார். "அம்மா தண்ணியே குடிக்க மாட்டாங்களா சார்?" என்று கேட்டார். "வயசானா தாகம் தெரியாது டாக்டர்" என்று நான் அவருக்கே பாடம் எடுத்தேன். ஐந்தாவது நாள் அம்மா போய்விட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது ஃப்ரீசர் பெட்டிக்குள் இருந்தாள்.

சாவு வீட்டுக்கு வந்த கூட்டத்தில் அந்தக் கக்கூஸ் நிரம்பி வெளியே வழிந்தது. சொந்தக்காரர்கள் முன்னால் எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. கம்பி விட்டுக் குத்தினேன். ஆசிட் ஊற்றினேன். அம்மா போன துக்கத்தோடு அந்தக் கக்கூஸையும் திட்டித் தீர்த்தேன். குனிந்து குனிந்து உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூடத் தலையைத் தூக்கி மேலே பார்க்கவில்லை.

3

ஏஜென்சி அனுப்பிய பிளம்பர் வியாழக்கிழமை வந்தார். அறுபதைத் தாண்டியவர், பெயர் டேவ். அன்றைக்குத்தான் அம்மாவின் திதி. காலையில் ஜெயங்கொண்டத்தில் அக்கா வீட்டில் நடந்ததைப் போனில் பார்த்துவிட்டு, சட்டை போடாமல் நின்றிருந்தேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு மாடிக்கு ஏறினார்.

கம்பி, பம்ப் எதையும் அவர் எடுக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, சத்தம் போடாதே என்பதுபோல விரலை வாயில் வைத்தார். கபுக் கபுக் சத்தத்தைக் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு வெளியே போய்க் கொல்லையில் நின்று தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். ஏணி போட்டு ஏறினார். சுவரோடு கூரைக்கு மேலே போகும் ஒரு குழாயின் வாயிலிருந்து சுள்ளியும் இறகுமாக ஒரு புறாக்கூட்டை இழுத்துக் கீழே போட்டார்.

"இப்போ ஊத்து" என்றார்.

ஊற்றினேன். தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கிப்போனது.

எனக்குப் புரியவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பள்ளி விடுமுறையில் வீட்டிலிருந்த யாழினி குடித்துக்கொண்டிருந்த ஜூஸ் டம்ளரிலிருந்து ஸ்டிராவை வாங்கி, மேல் ஓட்டையை விரலால் மூடித் தூக்கிக் காட்டினார். உள்ளே இருந்த ஜூஸ் இறங்காமல் நின்றது. விரலை எடுத்தார், விழுந்தது. மேலே காற்று நுழைய வழியில்லாவிட்டால் கீழே தண்ணீர் போகாது. நீங்கள் உள்ளே ஒன்றும் போடவில்லை, உங்கள் மேல் தப்பில்லை என்று என் தோளைத் தட்டினார்.

எண்ணெய் டின்னைச் சாய்த்து ஊற்றுவதற்கு முன்னால் நம் மளிகைக் கடைக்காரர் இரண்டு ஓட்டை போடுவாரே, அதேதான். இது தெரியாதவனா நான்? அந்தக் கபுக் கபுக் சத்தத்தை நான் மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே போனில் கேட்டிருக்கிறேன். டேவ் போனதும் சட்டையை மாட்டிக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்தேன். யாழினி வந்து, "என்னப்பா?" என்றாள். தமிழில் கேட்டாள்.

4

ராஜேந்திரன் அண்ணன் இப்போது அரியலூரில் வேலை செய்கிறார். அன்றைக்கே கூப்பிட்டேன்.

"அண்ணே, நம்ம வூட்டுக் கக்கூஸுக்கு ஒரு காத்துக்குழாய் வெச்சீங்கல்ல, அது இப்ப இருக்கா?"

"ஏன் தம்பி கேக்குறீங்க?"

"இருக்கா இல்லியாண்ணே?"

"இல்ல தம்பி. நாந்தான் அறுத்தேன். அறுத்து, வாயில சிமிண்ட் வெச்சுப் பூசிட்டேன்."

நான் கத்தத் தொடங்கினேன். கொத்தனார் வேலை பார்க்கிற ஆள்தானா நீங்கள், காற்றுக்குழாயை அடைத்தால் என்ன ஆகும் என்று தெரியாதா என்றெல்லாம் கேட்டேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"தெரியும் தம்பி. உங்கம்மாகிட்டயும் சொன்னேன், இத அடைச்சா தண்ணி எறங்காது, நாளைக்கு நீதான் செரமப்படுவேன்னு. 'நான் ஒருத்திதான, சமாளிச்சுக்குறேன், நீ அடை'ன்னுச்சு. உங்க வேலைக்கு ஆபத்துன்னு சொன்னீங்கள்ல, அப்பதான்."

அந்த வேலை விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நான் வந்த ஒரு வருஷத்துக்குள், என்னை விசாவில் எடுத்த முதல் கம்பெனியின் அனுமதியை அரசாங்கம் ரத்து செய்துவிட்டது. அறுபது நாளுக்குள் வேறு கம்பெனி கிடைக்காவிட்டால் மனைவி, மகளோடு ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று கடிதம் வந்தது. வந்த அன்றைக்கே அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா ஆறுதல் சொன்னாள். மறுநாள் பெரம்பலூருக்குப் போய் வாஸ்து பார்க்கிற ஒருவரைக் கூட்டிவந்திருக்கிறாள் என்று ராஜேந்திரன் அண்ணன் இப்போது சொன்னார்.

அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஈசானி மூலையில் கக்கூஸ் இருப்பதே தப்பு, அதில் வீட்டைவிட உயரமாக ஒரு குழாய் வேறு நிற்கிறது, வீட்டு ஆண்பிள்ளை எங்கேயும் கால் ஊன்ற முடியாது, இடித்துவிடுங்கள் என்றாராம். மகன் கட்டியதை இடிக்க மாட்டேன், வேறு வழி சொல்லுங்கள் என்று அம்மா கேட்டிருக்கிறாள். அப்படியானால் குழாயையாவது அறுத்து வாயை அடைத்துவிடுங்கள், அப்புறம் அதைத் திறக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அறுபது நாளில் நாலு நாள் மிச்சம் இருந்தபோது எனக்கு இந்த முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அம்மாவிடம் சொன்னபோது, "எனக்குத் தெரியும்ப்பா, கெடைக்கும்னு" என்றாள். தாய் மனசு என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவள் எப்படி அந்தக் குழாயைத் திறப்பாள்?

"அடுத்த வாரமே போய் அந்தச் சிமிண்ட ஒடைச்சு விட்டுடுங்கண்ணே. வூடு வாடகைக்கு விடப்போறோம். ஒரு டீச்சர் குடும்பம் வருது" என்றேன்.

"நான் மாட்டேன் தம்பி" என்றார் ராஜேந்திரன் அண்ணன். "நீங்க உசுரோட இருக்கிற வரைக்கும் அதத் தொடக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிருக்கு உங்கம்மா. வேற ஆளப் பாத்துக்குங்க."

5

அக்காவைக் கூப்பிட்டேன். ஜெயங்கொண்டத்தில் அப்போது சாயங்காலம். திதிக்கு வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

"உனக்குத் தெரியுமாக்கா, அம்மா கக்கூஸ் குழாய அடைச்சது?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லலியா? நாளைக்கே ஆள வெச்சு ஒடைக்கச் சொல்லு. எவனோ ஒருத்தன் வாஸ்துன்னு ஒளறுனா, அதுக்கு..."

"ஒடைக்க மாட்டேன்டா."

"நீயுமா?"

"ஆமா, நானுந்தான். நீ நம்ப வேணாம். அம்மா நம்புச்சு. அத அடைச்சுட்டு அம்மா பட்ட பாடு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லக்கூட வாய்ப்பில்லாமல் அக்கா பேசிக்கொண்டே போனாள். காலையில் ஒரு தடவை போனால் அந்தத் தண்ணீர் இறங்க மத்தியானம் ஆகுமாம். அதனால் இன்னொரு தடவை போக வேண்டி வந்துவிடக் கூடாது என்று அம்மா தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாளாம். காலையில் ஒரு டீ, சோற்றோடு ஒரு வாய்த் தண்ணீர், அவ்வளவுதான். தெருவில் எல்லார் வீட்டிலும் இப்போது கக்கூஸ் இருக்கிறது. ஆனால் அடுத்தவர் வீட்டுக்குப் போனால், மகன் வெளிநாட்டில் இருந்தும் வீட்டில் ஒரு கக்கூஸ் ஒழுங்காக இல்லை என்று என்னைப் பேசுவார்களே என்று போகவில்லையாம்.

"மாசத்துக்கு ஒருக்கா இங்க வரும்ல? பெரம்பலூர் போயி, அரியலூர் பஸ் புடிச்சு, அங்கேருந்து இங்க. வந்து எறங்குனதும் சொம்புத் தண்ணிய அண்ணாந்து அப்பிடியே குடிக்கும்டா. ரெண்டு நாளு இருந்து தண்ணியா குடிச்சுட்டுப் போவும். என்னம்மா இப்படிக் குடிக்கிறன்னு கேட்டா, உங்க ஊரு தண்ணி ருசியா இருக்குன்னு சொல்லும். ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்கு வெசயமே தெரிஞ்சுச்சு. இங்கயே இரும்மான்னேன். மருமவன் வூட்டுல எத்தன நாளு இருக்குறதுன்னு கெளம்பிடுச்சு."

நான் யார் யாரோ குடித்த தண்ணீரை மில்லி மில்லியாக எழுதிக்கொண்டிருந்தேன். என் அம்மா எனக்காகத் தாகத்தோடு உட்கார்ந்திருந்தாள். வயதானால் தாகம் தெரியாது என்று அந்த டாக்டரிடம் சொன்னவன் நான். இதை எந்த ஜென்மத்தில் போய்க் கழுவுவேன் என்று தெரியவில்லை.

"சரிக்கா, தொறக்க வேணாம். மாட்டுக்கொட்டகை இருந்த எடத்துல டீச்சருக்குப் புதுசா ஒண்ணு கட்டிக்கொடுக்கச் சொல்லு" என்றேன். வாஸ்துவில் எனக்கு அன்றைக்கும் நம்பிக்கை இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் அந்தச் சிமெண்ட்டின் மேல் சுத்தியல் விழுவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"மாசா மாசம் கக்கூஸ் விசயமா அம்மாவப் போட்டு அப்பிடிக் கத்துவேன்க்கா. ஒரு வார்த்த எதுத்துப் பேசாது. உன்கிட்டயாவது ஏதாவது சொல்லி வருத்தப்பட்டுச்சா?"

"நாந்தான் உன் மேல கோவப்பட்டு அம்மாகிட்ட கேட்டேன். உனக்காகத்தான் அடைச்சேன்னு அவன்கிட்ட சொல்லிட வேண்டியதுதான, எதுக்கு இந்தத் திட்டு வாங்குறேன்னு."

"அதுக்கு?"

அக்கா அம்மா சொன்னதை அப்படியே சொன்னாள்.

"'கத்தட்டும்டி. வேல போயிடுச்சுன்னு அன்னிக்கு அழுதான் பாரு, அந்தக் கொரல என்னால கேக்க முடியல. இப்ப நல்லாருக்கான், அதான் கத்துறான்'னுச்சு."